டிரைவர் சூசைரட்ணமும் இரண்டு பிக்கப்புகளும்

ஆனைக்கல் தோட்டத்து லொறி டிரைவர் சூசைரட்ணத்துக்கு மதிக்கத் தகுந்த மனிதர் என்று உலகத்தில் ஒருவரும் அகப்படவில்லை. பெரிய கிளார்க் ஆபீஸ் வராந்தாவுக்குள்ளேயே குடை பிடித்து நடக்கிற ஆள்; அவரை எப்படி மதிப்பது? கங்காணிக்குப் பொடி டப்பியைக் காணவில்லை என்றால் மூன்று நாள் வேலை ஓடாது. மாதா கோயில் கமிட்டிக்காரர்கள் திருநாளுக்கு நாலு குழாய் விளக்குக் கட்டத் துப்பில்லாதவர்கள். தலவாக்கலையில் பஸ் ஓட்டுகிறவர்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். வண்டி ஓட்டுவதற்கும் மாடு மேய்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாத பயல்கள் என்பார். இதையெல்லாம் அவர் லொறியின் உயரமான இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். சொல்லப்பட்டவர் பக்கத்தில் இல்லாதபோது சொல்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருவகையில் அவருக்கு அந்தத் திமிர் இருக்க நியாயமும் உண்டு. சண்டைக் காலத்தில் தியத்தலாவை முகாமுக்கு லொறி கழுவப் போனவர், பட்டாளத்து வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் படம் ஒட்டிய லைசென்ஸோடு நாற்பத்தாறில் தோட்டத்துக்குத் திரும்பினார். அன்றிலிருந்து பதினோரு வருஷம், ஸ்டோர் என்கிற தோட்டத்து ஆலையில் அரைத்துக் கட்டிய தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிறார். லொறியில் ஒரு கீறல் கிடையாது. அதற்காகத் தோட்டம் அவருக்கு தொழிலாளர்களின் லயத்தை விட்டுத் தள்ளி, இரண்டு அறையும் சமைக்கத் தனிக் குசினியும் உள்ள டிரைவர் வீட்டைக் கொடுத்திருந்தது. டிரைவர் வேலை போனால் அந்த வீடும் போகும். மனைவி பெற்றீசியா மட்டும் பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்வந்தாள். அவளுக்கு வாய் குறைவு. வாய் திறந்தால் சூசைரட்ணமே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்.

அவர் ஏளனத்தில் பெரிய பங்கு தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைக்குத்தான். அந்தத் துரைக்குக் கார் பந்தயப் பைத்தியம். சனங்கள் அவரைப் பறக்கிற தொரை என்று கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் ஏப்ரலில் நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம் நடக்கும். ஒரு செங்குத்துச் சாலையின் அடியிலிருந்து முடிவரைக்கும் காரை முறுக்கிக்கொண்டு ஏற வேண்டும். யார் சீக்கிரம் ஏறுகிறாரோ அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். பறக்கிற தொரை நாலு வருஷமாக ஐந்தாவதாகவே பறந்துகொண்டிருந்தார்.

"நம்ம பொம்பளைங்க முப்பது ராத்தலு கூடையோட தெனமும் மூணு தடவ மல ஏறுறாளுக. அவளுகளுக்கு ஒரு தகரக் குவளை குடுத்தானா எவனாவது? இந்தாளு குந்திக்கிட்டு ஏறுறாரு, அதுக்குக் கிண்ணமாம்," என்பார் சூசைரட்ணம். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். துரை வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்.

ஐம்பத்தேழில் அந்தப் பந்தயம் அவர் தலையிலேயே வந்து விடிந்தது. அதுவரை துரையின் ரேஸ் காரைத் தேயிலை லொறியில்தான் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோவார்கள். எந்தப் புண்ணியவானோ கொழும்புக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டான். தேயிலை ஏற்ற வாங்கிய லொறியில் தேயிலையைத்தான் ஏற்ற வேண்டும் என்று அங்கிருந்து கடுதாசி வந்தது. துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தமாக ஒரு பிக்கப் வாங்குவேன், அதன் பின்னால் டிரெய்லர் பூட்டி ரேஸ் காரை இழுத்துப் போவேன் என்று சொல்லி, ஸ்டோர் மெக்கானிக் அழகனைக் கூப்பிட்டு டிரெய்லர் செய்யச் சொன்னார்.

அழகன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்கு இரும்பில் சிக்கனம் தெரியாது. ஸ்டோரில் கிடந்த பழைய ரோலர் மெஷினின் சட்டங்களை வெட்டி, அதன்மேல் ரயில்பாதைத் துண்டுகளைப் போட்டு ஒட்டி, ஒரு டிரெய்லரை நிறுத்தினான். ரேஸ் காரின் முன்பக்கத்தை நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். டிரெய்லரை நகர்த்துவதற்கே எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

"என்னா அழகா, இதுல காரக் கொண்டுபோகப் போறியா, கதிர்காமத்து யானையக் கொண்டுபோகப் போறியா?" என்று கேட்டார் சூசைரட்ணம்.

"ஒடையாதுண்ணே," என்றான் அழகன்.

"அது ஒடையாது. அத இழுக்குறவன்தான் ஒடைவான்."

பங்குனி மாதத்தில் கண்டியிலிருந்து ஒரு கராஜ்காரர் இரண்டு பிக்கப்புகளைக் கொண்டுவந்து பங்களா வாசலில் நிறுத்தினார். ஒன்று கிரீம் கலர், புதுசு. முகத்தில் நிக்கல் பூச்சு மின்னியது. இருக்கையில் சிவப்புத் தோல். மற்றது பட்டாளம் கழித்துவிட்ட பச்சை வண்டி. கதவு நசுங்கியிருந்தது, உள்ளே ஒரு பக்கம் சாக்குதான் மெத்தை. துரையும் துரைசானியும் கிரீம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கிளப் வாசலில் அது நிற்கும் அழகு இப்போதே அவர்கள் கண்ணில் தெரிந்தது. பச்சை வண்டியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சூசைரட்ணம் மட்டும் கோணிச் சாக்கை விரித்துக்கொண்டு இரண்டுக்கும் அடியில் படுத்துப் பார்த்தார். கிரீம் வண்டியின் பிரேக் டிரம் மிகச் சிறியது. சட்டம் மெல்லிசு. பச்சை வண்டியில் டிரம்மும் சட்டமும் லொறிக்கு உரிய அளவில் இருந்தன. மேட்டில் இழுப்பதை இரண்டும் இழுத்துவிடும். கேள்வி அதில்லை. பந்தயம் முடிந்து நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கி வர வேண்டும். வளைவுக்கு வளைவு பள்ளம். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. பின்னால் வருகிற பாரம் முன்னால் போகிற வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும். முன்வண்டி அதைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து தேயிலைச் சரிவில் உருள வேண்டியதுதான். அந்த முன்வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறவர் சூசைரட்ணம்.

கராஜ்காரர் நேர்மையானவர். "தொரை, டிரெய்லரும் காரும் சேந்து ஒரு தொன்னுக்குள்ள இருந்தா கிரீம் தாங்கும். ஒரு தொன்னுன்னா ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது ராத்தல். அதுக்கு மேல போனா பச்சையத்தான் எடுக்கணும். நெறை பாத்துச் சொல்லுங்க, நான் நாளைக்கும் தலவாக்கலையிலதான் இருப்பேன்," என்றார்.

"பார்த்திடும்," என்றார் துரை. அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும்.

மத்தியான மழையில் டிரெய்லரை, மேலே காரோடு, ஸ்டோர் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சாக்குச் சாக்காகக் கொழுந்து நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருந்தது. பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு, பகல் நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். பெற்றீசியாவும் நின்றாள். தராசுக்குப் பொறுப்பு கந்தப்பன் கணக்கப்பிள்ளை.

கந்தப்பனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபது வருஷமாக அவர் கொழுந்து நிறுக்கிறார். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும்; அந்த ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பது தோட்டத்து வழக்கம். கந்தப்பன் கையில் அந்தக் கொஞ்சம் வளர்ந்து வளர்ந்து ஐந்துக்கு ஒன்று என்று வந்து நின்றுவிட்டது. முள் இருபத்தைந்தில் நிற்கும். அவர் வாய் இருபது என்று கூவும். கண் ஒன்றைப் பார்க்கும்போதே நாக்கு வேறொன்றைச் சொல்லும். நடுவில் யோசனை என்ற ஒன்று கிடையாது. கழிவுக்குப் பிறகு நிறை குறைந்தவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் வேலைதான் செய்ததாக அர்த்தம். தராசைச் சந்தேகிக்கிறவளுக்கு மறுநாள் அட்டை கடிக்கிற மலைதான் கிடைக்கும். அதனால் யாரும் சந்தேகிப்பதில்லை.

டிரெய்லரை ஒரேயடியாக மேடையில் ஏற்ற முடியாது. இடது சக்கரத்தை ஏற்றி ஒரு நிறை, வலது சக்கரத்தை ஏற்றி ஒரு நிறை, முன்னால் கொக்கிக் கம்பியை வைத்து ஒரு நிறை; மூன்றையும் கூட்ட வேண்டும். இடது சக்கரம் உருளாமல் சூசைரட்ணம் தோள் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் மூக்குக்கு நேரே முள் நின்றது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது.

"ஆயிரம்!" என்று கூவினார் கந்தப்பன்.

வலது சக்கரம். முள் ஆயிரத்து இருநூறில் நின்றது. "தொள்ளாயிரத்து அறுவது!" கம்பி இருநூற்று ஐம்பது. "இருநூறு!"

டிரெய்லரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் இரும்புக்கும் ஈரக் கழிவு போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது சூசைரட்ணத்துக்கு மூன்றாவது நிறையில்தான் உறைத்தது. பெரிய கிளார்க் குடைக்கடியில் நின்று கூட்டிப் பார்த்து, "ரெண்டாயிரத்து நூத்தி அறுவது," என்றார். ஒரு தொன்னுக்கு எண்பது ராத்தல் குறைவு. துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிரீம் வண்டிதான் என்று அங்கேயே சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

உண்மையான நிறை இரண்டாயிரத்து எழுநூறு. சூசைரட்ணம் தோளைத் துடைத்துக்கொண்டு கந்தப்பனை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, முள்ளு ஆயிரத்து இருநூத்தி அம்பதுல நின்னுச்சு. நீங்க ஆயிரம்னு கூவிட்டீங்க."

கந்தப்பன் முதலில் விழித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "ஏன்யா, என் தராசு தப்புங்கிறியா?"

"தராசு சரிங்க. நீங்க கூவுனதுதான்."

"நான் இன்னைக்குத் தப்பாக் கூவுனேன்னா, நேத்தும் தப்பாத்தான கூவியிருப்பேன்? போன வருசமும்? அந்தக் கேள்வியக் கௌப்பவா நீ வந்த? நெறை எழுதியாச்சு, தொரை கேட்டாச்சு. போ, போயி ஒன் லொறியப் பாரு."

துரையிடம் போகலாமென்று சூசைரட்ணம் பங்களாப் பாதையில் பாதி தூரம் நடந்தார். கணக்கப்பிள்ளை பொய் நிறை சொன்னார் என்று ஒரு டிரைவர் துரை முகத்தைப் பார்த்துச் சொல்வதா? நிரூபி என்றால்? பெரிய கிளார்க் யார் பக்கம் பேசுவார்? கால் தானாக நின்றுவிட்டது. ஊரையே கிழிக்கிற வாய் அந்த வளைவில் வற்றிப்போயிற்று. திரும்பி வந்து லொறியைத் துடைத்தார்; அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாயந்தரம் பெற்றீசியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுக்கு ஒண்ணு கழிக்கிறான்டி! கண்ணால பாத்தேன்! நான் அந்த வண்டியோட பள்ளத்துல போயிருவேன், பாத்துக்க."

"இன்னைக்குத்தான் பாத்தீங்களா?"

"என்னாது?"

"பதினோரு வருசமா எங் கூடையில இருபத்தஞ்சு நிக்கிது, அந்தாளு இருபதுன்னு கூவுறான். மழைக்காலத்துல பாதி நாளு எனக்கு அரைப்பேருதான். அப்பல்லாம் நீங்க அந்தா, அதே முத்தத்துல லொறியில குந்திக்கிட்டுப் பீடி குடிச்சீங்க. இப்ப ஒங்க கழுத்துக்கு வந்ததும் முள்ளு தெரியுதோ?"

சூசைரட்ணத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"டிரெய்லருக்கு வாயில்ல, கொழுந்துக்கும் வாயில்ல. அதான் அவன் இஷ்டத்துக்குக் கூவுறான். வாயுள்ள ஆள ஏத்துங்க தராசுல. தன்னோட நெறை தனக்கே தெரிஞ்ச ஆளா ஏத்துங்க."

தோட்டத்தில் தன் நிறை தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். ரேஸ் காரில் உட்காருகிறவர் ஒரு ராத்தல் கூடினாலும் வேகம் குறையும் என்று, பறக்கிற தொரை சனிக்கிழமைதோறும் கிளப்பில் நிறுத்துக்கொள்வார். நூற்றெழுபது என்று போன வாரம்கூட லொறி ஓரத்தில் நின்று பெருமையடித்திருந்தார். சூசைரட்ணம் அன்றைக்கு நாலு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாளும் மழை. பகல் நிறுவை நேரத்துக்குத் துரை மழைக்கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கராஜ்காரரோடு ஸ்டோர் முற்றத்துக்கு வந்தார். டிரெய்லரைக் கிரீம் வண்டியில் பூட்டிப் பார்க்க வேண்டுமாம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். சூசைரட்ணம் தொப்பியைக் கழற்றினார்.

"தொரை, ஒரு சின்ன விசயமுங்க. பிக்கப்புல நானும் தொரையும் இருப்போமுங்க. எங்க நெறையும் வண்டிக்குப் பாரந்தானுங்களே. அதையும் பாத்துட்டா கராஜ் ஐயாவுக்குத் திருப்தியா இருக்கும்."

கராஜ்காரர் தலையாட்டினார். நிறுத்துக்கொள்வது என்றால் துரைக்கும் பிடிக்கும். சட்டென்று மேடையில் ஏறி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் ஓடியது. முள் ஆடி, நூற்றெண்பதில் நின்றது.

கந்தப்பன் பார்த்தார். இருபது வருஷத்து நாக்கு அவரைக் கேட்கவில்லை.

"நூத்தி நாப்பத்தி நாலு!"

"எத்தனை?" என்றார் துரை.

"நூத்தி நாப்பத்தி நாலுங்க தொரை."

"சனிக்கிழமை நான் நூத்தி எழுவது இருந்தான். இன்னைக்குக் கோட்டு, பூட்ஸு எல்லாம் இருக்குது. எப்பிடி கொறையிது?" துரை குனிந்து முள்ளைப் பார்த்தார். "நூத்தி எம்பது! நீ என்னா சொல்றான், மேன்?"

கந்தப்பனுக்கு வேர்த்துவிட்டது. வாயில் வந்தது உண்மைதான், வேறெதுவும் வரவில்லை. "ஈரத்துக்குக் கழிச்சேனுங்க தொரை."

"நான் கொழுந்தா?"

"இல்லிங்க தொரை."

வரிசையில் ஒருத்தி கம்பளி முனையை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தியால் அதுவும் முடியவில்லை. பிறகு முற்றமே சிரித்தது. ஸ்டோருக்குள் இருந்த ஆட்கள் சன்னலுக்கு வந்தார்கள். கராஜ்காரர் திரும்பி நின்று இருமினார். துரையின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போயிற்று.

"டிரெய்லர்?"

"அதுவும் நனைஞ்சிருந்துச்சுங்க தொரை."

டிரெய்லரை மறுபடி நிறுத்தார்கள். இந்த முறை துரையே மண்டியிட்டு முள்ளைப் பார்த்தார். இரண்டாயிரத்து எழுநூறு. கராஜ்காரர் சிரிப்பை விட்டுவிட்டு, "கிரீம்ல பூட்டியிருந்தா மொத எறக்கத்துலயே முடிஞ்சிருக்கும் தொரை. பச்சதான்," என்றார். துரை கிரீம் வண்டியை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சூசைரட்ணத்துக்கு உயிர் வந்தது. முதுகில் இரண்டு நாளாகக் கிடந்த பாரம் இறங்கியதை அவரே உணர்ந்தார்.

அப்போது பெற்றீசியா வரிசையை விட்டு வந்தாள். கூடையை மேடையில் வைத்தாள்.

"தொரை, எங் கொழுந்தையும் நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முள் இருபத்தைந்தில் நின்றது. துரை அதைப் பார்த்தார். கந்தப்பன் தரையைப் பார்த்தார்.

"கொழுந்து வேற," என்றார் துரை. "கொழுந்தில தண்ணி இருக்குது. கழிக்கணும்."

"கழிங்க தொரை. தண்ணி ஒரு ராத்தலு இருக்கும். அஞ்சா இருக்கும்?"

ஏற்கெனவே முப்பது பெண்கள் சிரித்துவிட்டார்கள். இன்னும் ஒரு தோல்விக்குத் துரை தயாரில்லை. டிரைவர் பக்கம் திரும்பினார். "டிரைவர், நீ கெட்டிக்காரன். நீ சொல்லு. ஈரக் கொழுந்தில தண்ணி இருக்குதா, இல்லையா?"

முப்பது கம்பளிகளுக்கு அடியிலிருந்து முப்பது முகங்கள் சூசைரட்ணத்தைப் பார்த்தன. சொல்ல வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். இருக்குங்க, ஆனால் ஐந்து ராத்தல் இல்லை. டிரெய்லர் தப்பென்றால் இதுவும் தப்புத்தான். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற பேச்சு. துரையின் கண்ணில் அவர் அன்றைக்கு உயர்ந்திருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தருணம் அவருக்கு வாய்க்கவில்லை. பச்சை வண்டி வந்தாயிற்று, உயிர் தப்பியாயிற்று. இரண்டு அறையும் தனிக் குசினியும் அவர் நினைவுக்கு வந்தன.

"இருக்குதுங்க தொரை," என்றார்.

பெற்றீசியா அவரைப் பார்க்கவில்லை. துரை கந்தப்பனிடம், வண்டிக்கும் மனுஷனுக்கும் கழிக்காதே, கொழுந்துக்கு வழக்கம்போல் என்று சொல்லிவிட்டுப் போனார். கந்தப்பனுக்குத் தொண்டை திரும்பக் கிடைத்தது.

"இருபது!" என்று கூவினார்.

பச்சை பிக்கப் ஏழு வருஷம் ஓடியது. ஒரு இறக்கத்திலும் வழுக்கவில்லை. துரை ஒரே ஒரு தடவை நாலாவதாக வந்தார். அறுபத்து நாலில் அவர் சீமைக்குக் கப்பலேறும்போது ரேஸ் காரை எவனுக்கோ விற்றுவிட்டு, பிக்கப்பைத் தோட்டத்துக்கே விட்டுப் போனார். கந்தப்பன் அதற்குள் பெரிய கணக்கப்பிள்ளை ஆகிவிட்டார்.

சூசைரட்ணத்துக்கு அந்தக் கதை சொத்தாகிவிட்டது. தலவாக்கலை ஸ்டேஷனில், கொட்டகலைக் கடைவீதியில், கல்யாண வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் எடுத்து விடுவார். துரை எப்படி மேடையில் ஏறினார், கந்தப்பன் எப்படிக் கூவினார் என்று இரண்டு பேரையும் நடித்துக் காட்டுவார். அந்த யோசனை தன்னுடைய மண்டையில் உதித்தது என்பார். "நான் கொழுந்தா?" என்ற இடத்தில் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அங்கேயே கதையை நிறுத்திக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லும்போதுதான் கஷ்டம். பெற்றீசியா தேத்தண்ணியை எல்லாருக்கும் கொடுத்து முடிப்பாள். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் பொறுமையாக நிற்பாள்.

"அதுக்கப்பறம் தொரை இவருகிட்ட ஒரு கேள்வி கேட்டாருங்க," என்பாள் வந்தவர்களிடம். "இவரு என்னா பதிலு சொன்னாருன்னு கேளுங்க."

சூசைரட்ணம் எழுந்து வண்டி கழுவப் போய்விடுவார்.